கரையில் ஒரு நாள்: வழிகாட்டியும் ஆற்றுப்படையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடியிருப்பது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, படித்ததைப் பற்றி முகத்துக்கு நேரே கருத்துரைத்து, மறுதிங்களும் மனக்கசப்பின்றி வந்தமரும் பழக்கமே இத்தகைய அமைப்புகளை வாழவைக்கிறது. அந்த உரிமையின் பேரில், கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில், சற்றுக் கசப்பான வினா ஒன்றை முன்வைப்பது பொருந்தும்.

கவியரங்குகளிலும் தொகுப்புகளிலும் இன்று பயணக் கவிதைகள் பெருகிவருகின்றன. வெளிநாடு சென்று திரும்பும் கவிஞர், கண்ட நகரங்களுக்குத் தலைக்கு ஒரு கவிதை எழுதிவிடுகிறார். அவற்றுள் பல, அரைநாள் அல்லது ஒருநாள் கண்ட ஊர்களைப் பற்றியவை. ஒரு பகற்பொழுதில், அதுவும் வழிகாட்டி ஒருவர் காட்டக் கண்ட ஊரைப் பற்றிக் கவிதை எழுதக் கவிஞனுக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமை எதனால் வருகிறது? இதுவே இன்றைய பொருள்.

பொதுப்படப் பேசினால் வினா நழுவிவிடும். எனவே ஒரே கரையை, ஒரே நாளை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம்.

ஒரு பகலின் வடிவம்

துருக்கி நாட்டின் மேற்குக் கரையில் குஷாதாசி என்னும் துறைமுகம் உள்ளது. கிரேக்கத் தீவுகளை வலம்வரும் உல்லாசக் கப்பல்கள் பல இங்கு ஒரு பகல் தங்கிச் செல்கின்றன. பயணிகள் இறங்குவது குஷாதாசிக்காக அன்று. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எபேசு என்னும் பழைய நகரின் இடிபாடுகளைக் காண்பதற்காக. 2015-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது.

காலை உணவு முடிந்ததும் பயணிகளின் சட்டையில் எண் பொறித்த ஒட்டுத்தாள் ஒட்டப்படுகிறது. அதே எண்ணைத் தாங்கிய பேருந்து துறையில் காத்திருக்கிறது. குழு சிதறிவிடாதிருக்க, வழிகாட்டி எண் எழுதிய அட்டை ஒன்றைக் கோலில் செருகி உயர்த்திப் பிடித்து முன்செல்கிறார். கப்பல் நிறுவனத்தின் ஏற்பாட்டில் செல்பவர் காலந்தாழ்த்தால் கப்பல் காத்திருக்கும். தாமே வண்டி அமர்த்திச் சென்றவர்க்குக் காத்திராது என்பது பொதுவழக்கு. அந்த அச்சமே பலரைக் குழுவில் சேர்க்கிறது.

முதலில் மலைமேல் உள்ள மரியன்னையின் இல்லம். பின்னர் எபேசின் மேல்வாயில். அங்கிருந்து சரிவில் இறங்கிச் சென்றால் சலவைக்கல் பாவிய தெரு, கோயில்கள், குளியல் மண்டபம், செல்சுஸ் நூலகம், பேரரங்கம். கீழ்வாயிலில் மீண்டும் பேருந்து. வழியில் ஆர்ட்டெமிஸ் கோயிலின் எஞ்சிய ஒற்றைத் தூண். இறுதியில் கம்பளக் கடை. அங்கே தேநீர் தந்து, பட்டுக் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் முறையைக் காட்டி, கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டி விரிப்பார்கள். மாலைக்குள் கப்பல். ஆயிரமாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நகருக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். கம்பளக் கடைக்கு ஒரு மணி நேரம்.

வழிகாட்டி சொல்வதும் சொல்லாததும்

தெருவின் ஓரிடத்தில் கல்லில் ஒரு காலடியும் ஒரு பெண்ணின் உருவும் கீறப்பட்டுள்ளன. அது பரத்தையர் இல்லத்துக்கு வழிகாட்டும் விளம்பரம் என்றும், உலகின் முதல் விளம்பரமே அதுதான் என்றும் வழிகாட்டிகள் சொல்வர். குழு சிரிக்கும், நிழற்படக் கருவிகள் ஒளிரும். இதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும் எபேசு சென்று வந்தவர் பலர் முதலில் நினைவுகூர்வது இக்கதையைத்தான்.

இதனால் வழிகாட்டியை எள்ளுதல் அறமன்று. துருக்கியில் உரிமம் பெற்றவரே இத்தொழில் செய்யலாம். வரலாறும் தொல்லியலும் பயின்றே அவ்வுரிமம் பெறவேண்டும். வெயிலில் களைத்த நாற்பது பேரை, குறித்த நேரத்துக்குள், ஒருவரும் தொலையாமல் அழைத்துச் செல்லும் பொறுப்பு அவருடையது. அவர் அறிந்ததில் பத்தில் ஒரு பங்கைச் சொல்லவும் பொழுதில்லை. சிரிக்கவைக்கும் கதையொன்று குழுவைக் கூட்டி நிறுத்துகிறதெனில் அதைச் சொல்வது அவர் தொழிற்கூறு. குற்றம், அக்கதையை அப்படியே எடுத்துத் தம் கண்டுபிடிப்பாகக் கவிதையில் வைக்கும் கவிஞருடையது.

செல்சுஸ் நூலகத்தை நோக்குக. கி.பி. 92-இல் உரோமின் கான்சலாக இருந்து, பின் ஆசிய மாநிலத்தின் ஆளுநராகப் பணியாற்றிய செல்சுஸ் என்பவரின் நினைவாக, அவர் மகன் அக்குவிலா எழுப்பத் தொடங்கியது. நூல்கள் இருந்த கூடத்தின் அடியில் தந்தையின் கல்லறை, பெட்டகத்தின்மேல் பேரகம். கவிஞர் நெஞ்சைக் கவர வேறென்ன வேண்டும்? ஆயின் இன்று நிமிர்ந்து நிற்கும் முகப்பு 1970-க்கும் 1978-க்கும் இடையே ஆஸ்திரிய அறிஞர்கள், சரிந்துகிடந்த கற்களை இனங்கண்டு பொருத்தி மீண்டும் எழுப்பியது. மாடங்களில் நிற்கும் ஞானம், அறிவு, பண்பு, சிந்தனை ஆகிய நான்கு பெண்ணுருவங்களும் படிகள். மூலச் சிலைகள் வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளன. 'காலத்தை வென்று நிற்கும் நூலகம்' என்று எழுதும் கவிஞர், காலத்திடம் தோற்றுச் சரிந்து, மனித உழைப்பால் மீண்டெழுந்த நூலகத்தைக் காணாமற் போய்விடுகிறார். எழுதாமல் விட்ட இரண்டாவது நூலகமே பெரிய கவிதைப்பொருள்.

1867-இல் வந்த கப்பல்

ஒருநாட் பயணிகளின் இச்சிக்கல் நேற்றுத் தோன்றியதன்று. 1867-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. கட்டணம் 1,250 டாலர். மத்தியதரைக் கடலின் துறைகளில் நின்று, ஆங்காங்கே இறங்கிப் பார்த்து மீள்வதே நோக்கம். இக்காலத்து உல்லாசக் கப்பற் செலவுகளுக்கு முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம். பயணிகளுள் ஒருவர் மார்க் ட்வெய்ன். கலிபோர்னியச் செய்தித்தாள் ஒன்று அவருக்குக் கட்டணம் செலுத்தி மடல்கள் எழுதப் பணித்திருந்தது. அம்மடல்களே திருத்தம் பெற்று 1869-இல் 'வெளிநாட்டில் அப்பாவிகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின.

அந்நூலில் வழிகாட்டிகள் மேல் ட்வெய்ன் வீசும் எள்ளல் புகழ்பெற்றது. ஊருக்கு ஊர் வந்த வழிகாட்டிகள் அனைவருக்கும் பெர்கூசன் என்று ஒரே பெயரிட்டு அழைத்தார்கள் அவரும் அவர் நண்பர்களும். ஜெனோவாவில் கொலம்பசின் கையெழுத்தைக் காட்டி வியப்பை எதிர்பார்த்து நின்ற வழிகாட்டியிடம் வியவாமல் நின்று அவரைத் திகைக்கவைத்த நிகழ்ச்சியைப் படித்துச் சிரியாதவர் இலர்.

ஆனால் கவிஞர்கள் கருதவேண்டிய இடம் வேறு. உடன்வந்த பயணிகள் திருநாட்டின் ஊர்களைக் கண்டு என்ன சொல்லப்போகிறார்கள் என்பதைத் தம்மால் முன்கூட்டியே சொல்ல முடியும் என்கிறார் அவர். ஏனெனில் எந்தெந்த நூல்களிலிருந்து அவர்கள் உணர்ச்சிகளை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். கண்ணீர் விடும் இடமும் பெருமூச்சு விடும் இடமும் முன்னரே அச்சிடப்பட்டுவிட்டன. வழிகாட்டி வாயால் சொன்னால் என்ன, நூல் எழுத்தால் சொன்னால் என்ன, இரண்டும் இரவல்தான்.

அக்குழு எபேசுக்கும் வந்தது. அக்காலத்தில் சுமிர்னா எனப்பட்ட இஸ்மிர் துறையில் இறங்கி, புதிதாக அமைந்த இருப்புப் பாதையில் தனி வண்டியில் சென்றார்கள். ஏறிச் சுற்றுவதற்காக அறுபது கழுதைகளையும் சரக்குப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றார்கள் என்று ட்வெய்ன் எழுதுகிறார்.

அவர்கள் வந்த நாளில், ஏழு உலக அதிசயங்களுள் ஒன்றெனப் போற்றப்பட்ட ஆர்ட்டெமிஸ் கோயில் எங்கிருந்தது என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அதே இருப்புப் பாதைக்கு நிலையங்கள் வரைந்து தந்த ஜான் டர்ட்டில் உட் என்னும் ஆங்கிலேயர் 1863 முதல் அதனைத் தேடிக்கொண்டிருந்தார். அரங்கில் கிடைத்த கி.பி. 104-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, திருவுருவங்கள் கோயிலிலிருந்து எந்த வாயில் வழியாக அரங்குக்கு ஊர்வலம் வரவேண்டும் என்பதைக் குறித்திருந்தது. அந்த வாயிலைக் கண்டு, அங்கிருந்து சென்ற பழைய சாலையைத் தொடர்ந்து தோண்டி, 1869 திசம்பர் 31-ஆம் நாள் ஆறு மீட்டர் ஆழத்தில் கோயிலின் தளத்தை அடைந்தார். ட்வெய்னின் நூல் வெளிவந்ததும் அவ்வாண்டே.

ஒருவர் ஒருநாள் வந்தார்; உலகெங்கும் படிக்கப்பெறும் நூலைத் தந்தார். மற்றவர் ஏழாண்டுகள் மண்ணைத் தோண்டினார். பெயர் அறிந்தோர் சிலரே. இருவரையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பது இங்கு நோக்கமன்று. ட்வெய்ன் தாம் ஒருநாட் பயணி என்பதை மறைக்கவில்லை. கழுதை உட்பட யாவற்றையும் எழுதிவிட்டார். அந்த நேர்மையே அவர் நூலைக் காத்தது.

நினைவுப் பொருள்கள்

அந்நாளின் முடிவும் எண்ணத்தக்கது. பயணிகள் சிற்பத் துண்டுகளையும், மசூதிகளின் உட்புற அணிவேலைகளிலிருந்து உடைத்தெடுத்தவற்றையும் சுமந்துகொண்டு இருப்பூர்தி நிலையம் வந்தார்கள். அங்கே அரசு அலுவலர் ஒருவர் எல்லாவற்றையும் கீழே வைக்கச் செய்தார். இக்குழுவைக் கண்காணிக்குமாறு தலைநகரிலிருந்தே ஆணை வந்திருந்ததாம்.

நினைவுப் பொருள் வணிகமும் எபேசுக்குப் புதிதன்று. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரம், ஆர்ட்டெமிஸ் கோயிலின் வெள்ளிப் படிமங்களைச் செய்து விற்ற தெமேத்திரியு என்னும் தட்டானைப் பற்றிப் பேசுகிறது. பவுலின் போதனையால் தொழில் கெடும் என்று அவன் கூட்டத்தைத் திரட்ட, ஊரே அரங்கத்தில் கூடி இரண்டு மணி நேரம் தேவியின் பெயரை முழங்கியது. ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம் அது. இன்று வாயிலருகே கடைகளில் விற்கும் சிறு ஆர்ட்டெமிஸ் உருவங்கள் அவ்வணிகத்தின் வழித்தோன்றல்கள் எனலாம்.

இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற இடத்திலிருந்து ஒரு துண்டை உடைத்தெடுத்து வந்து வீட்டு மாடத்தில் வைக்கும் ஆசைக்கும், அவ்விடத்தின் பெயரை உடைத்தெடுத்து வந்து தொகுப்பின் பொருளடக்கத்தில் வைக்கும் ஆசைக்கும் தொலைவு அதிகமில்லை. கவிதைகளைச் சோதிக்க நிலையத்தில் அலுவலர் இல்லை. அப்பணியைக் கவிஞரே செய்துகொள்ள வேண்டும்.

ஆற்றுப்படை காட்டும் வழி

வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கூத்தனோ பாணனோ பொருநனோ, எதிரே வறுமையோடு வருபவனைக் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்லி வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகிறான்.

இதன் அமைப்பில் மூன்று கூறுகள் கருதற்குரியன. முதலாவது, வழி சொல்பவன் அவ்வழியில் தன் காலால் நடந்தவன். இரண்டாவது, அவன் அழகை மட்டும் சொல்வதில்லை. மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறிகளும், பாம்புகள் உறையும் குழிகளும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களும் எச்சரிக்கப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் துறைமுகமும் கலங்கரை விளக்கும் மட்டுமின்றி, வழியிலுள்ள எளிய குடிகள் என்ன உண்பார்கள், விருந்தினர்க்கு என்ன இடுவார்கள் என்பதும் வருகிறது. மூன்றாவது, வழி சொன்னவன் கூடவே வருவதில்லை. சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். நடக்கவேண்டியவன் கேட்டவன்.

பேருந்துப் பயணத்தில் இம்மூன்றாம் கூறு தலைகீழாகிறது. வழிகாட்டி உடன் நடக்கிறார். பயணி உடலால் நடந்தும் உள்ளத்தால் நடப்பதில்லை. எங்கு நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது வியப்பது என்பன முடிவாகிவிட்டன. ஆகவே பயணக் கவிதை எழுதுவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: அட்டை ஏந்திய கோலுக்கு அப்பால், தம் காலால் நடந்த பத்தடி எது? அப்பத்தடி இல்லையெனில் அது அறிக்கை, கவிதை அன்று.

கடல் போன துறை

எபேசில் அந்தப் பத்தடி எங்கே இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. பேரரங்கத்தின் எதிரே அகன்ற தெருவொன்று மேற்கு நோக்கிச் செல்கிறது. பேரரசர் ஆர்க்கேடியசின் பெயர் பெற்ற துறைமுகத் தெரு அது. ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீளம், இருமருங்கும் தூண்கள், இரவில் விளக்குகள் எரிந்தன என்று கல்வெட்டு கூறுகிறது. கப்பலில் வந்தோர் இத்தெரு வழியேதான் நகருக்குள் நுழைந்தார்கள். இன்று அத்தெரு சென்று முடியும் இடத்தில் நாணல் மண்டிய சதுப்பு. கடல் ஐந்தாறு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது.

கேஸ்டர் ஆறு கொணர்ந்த வண்டல் செய்த வேலை இது. மனிதர் வாளாவிருக்கவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அத்தாலுஸ் என்னும் மன்னன், துறைமுக வாயிலைக் குறுக்கினால் உள்ளே நீர் ஆழமாகும் என்று கருதி அணைகரை கட்டுவித்தான். விளைவு நேர்மாறாயிற்று: வெளியேற வழியின்றி வண்டல் முழுதும் உள்ளேயே தங்கிற்று என்று ஸ்டிராபோ எழுதிவைத்தார். நீரோ காலத்தில் ஆளுநர் ஒருவர் துறையைத் தூர்வாரினார். ஹேட்ரியன் காலத்தில் ஆற்றையே திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். ஆறு வென்றது. துறை தூர்ந்தது, வணிகம் போயிற்று, நகரம் சிறுகச் சிறுக வெறுமையாயிற்று.

இதே எபேசில்தான், ஏறத்தாழ கி.மு. 500-இல், எல்லாப் பொருளும் மாறிக்கொண்டே இருப்பதற்கு ஆற்றை உவமையாக்கிய ஹெராக்ளிட்டஸ் வாழ்ந்தார். தம் நூலை ஆர்ட்டெமிஸ் கோயிலில் வைத்தார் என்பது பழங்கூற்று. அவர் உவமையாக்கிய ஆறு, அவர் நகரின் துறையை மூடியது. நூல் வைத்த கோயிலையும் மண்ணுள் புதைத்தது.

தமிழ்க் கவிஞர்க்கு இது அயலார் கதையும் அன்று. தாமிரபரணியின் வண்டலால் கடலை இழந்து உள்நாட்டுச் சிற்றூராகிவிட்ட கொற்கையும், அதன்பின் எழுந்து அவ்வாறே தூர்ந்த காயலும் இங்கு உண்டு. கொற்கையில் நின்று கடல் எங்கே என்று தேடியவருக்கு எபேசின் நாணல் உடனே பேசும். தேடாதவருக்கு அது வெறும் நாணல்.

இன்னொன்றும் உண்டு. எபேசுக்குக் கப்பல் வரமுடியாததனால்தான் கப்பல் குஷாதாசியில் நிற்கிறது; பேருந்து தேவைப்படுகிறது; ஒட்டுத்தாளும் எண்ணும் தேவைப்படுகின்றன. அந்த ஒருநாட் பயணத்தின் வடிவத்தையே அமைத்தது அந்த வண்டல்தான். குழு பெரும்பாலும் நூலகத்தின் முன் நிழற்படம் எடுத்துக்கொண்டு, அரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. தெருவின் கடைசி வரை எவரும் போவதில்லை.

காணாது எழுதியவர்

இறுதியாக ஒரு தடையுரை எழலாம். கண்டுதான் எழுதவேண்டுமா? காணாமலே எழுதிய பெருங்கவிஞர் இலரோ? உண்டு. எபேசின் மலைமேலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

பயணிகள் காலையில் முதலிற் காணும் மரியன்னையின் இல்லம் 1891-இல் அடையாளம் காணப்பட்டது. எதைக்கொண்டு? செர்மனியில் நோயுற்றுப் படுக்கையிலேயே கிடந்து 1824-இல் மறைந்த ஆன் கத்தரீன் எம்மரிக் என்னும் துறவியின் காட்சிகளைக் கொண்டு. அவர் எபேசுக்கு வந்தவரல்லர். அவர் சொன்னவற்றை அருகிருந்து எழுதியவர் கிளெமென்ஸ் பிரெந்தானோ என்னும் கவிஞர். அவரும் வந்தவரல்லர். அக்குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின் 1852-இல் நூலாயின. அந்நூலைக் கையில் கொண்டு சுமிர்னாவிலிருந்து துறவியர் மலையேறித் தேடி, இடிந்த கட்டடம் ஒன்றைக் கண்டனர். இன்று கிறித்தவரும் இசுலாமியரும் அங்கு வணங்குகின்றனர். திருத்தந்தையர் பலர் வந்து சென்றுள்ளனர்.

கவிஞரின் எழுத்து ஓர் இடத்தையே உலகுக்குக் காட்டிவிட்டது என்று பெருமைகொள்ளலாம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எம்மரிக்கிற்கு 2004-இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, பிரெந்தானோவின் குறிப்புகள் சான்றாக ஏற்கப்படவில்லை. எது அத்துறவியின் சொல், எது கவிஞரின் கற்பனை என்று பிரித்தறிய இயலவில்லை என்பதே காரணம். பிறர் கண்டதைத் தம் சொல்லால் அழகுபடுத்திய கவிஞர், அப்பெண்ணின் சொந்தச் சொல்லை எவரும் இனி மீட்க முடியாதபடி செய்துவிட்டார். வழிகாட்டியின் சொல்லைத் தம் சொல்லாக்கும் பயணக் கவிஞர்க்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

முடிவாக

தொடக்கத்து வினாவுக்கு மீள்வோம். ஒருநாள் கண்ட ஊரைப் பற்றி எழுத உரிமை உண்டு. அது தங்கிய நாள்களின் எண்ணிக்கையால் வருவதன்று. இரவல் பெற்றதை இரவல் என்று ஒப்புக்கொள்வதாலும், இரவலல்லாத ஒன்றேனும் கையில் இருப்பதாலும் வருகிறது. ஒருநாட் பயணி தாம் ஒருநாட் பயணி என்பதைக் கவிதைக்குள் மறைக்கவேண்டியதில்லை. சட்டையில் ஒட்டிய எண்ணும், கம்பளக் கடையில் ஆறிப்போன தேநீரும், கப்பல் விட்டுப் போய்விடுமோ என்ற அச்சமும் கவிதைக்குள் வரட்டும். அவை அவர் உண்மையாகவே பெற்ற அனுபவங்கள்.

வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணக் கவிதை படிக்கப்படும் கூட்டங்களில், எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படட்டும்: 'இதில் வழிகாட்டி சொல்லாத வரி எது?' விடை ஒரு வரியாயினும் போதும். அந்த வரியிலிருந்து கவிதையைத் திரும்ப எழுதலாம். விடை இல்லையெனில், நிழற்படத் தொகுப்பில் படங்கள் பத்திரமாக இருக்கட்டும். கவிதைத் தொகுப்பு காத்திருக்கட்டும்.

பத்தாண்டுகள் ஒருவர்க்கொருவர் மெய்சொல்லிப் பழகிய வட்டம் இது. இக்கேள்வியைக் கேட்கவும் தாங்கவும் வல்லது. இன்னும் பல பத்தாண்டுகள் இவ்வட்டம் கூடித் தமிழுக்கு நல்ல கவிதைகள் தர வாழ்த்துகள்.